ஃபிளமென்கோ கிட்டார் செய்யக் கொடுக்கிறேன்: சைப்ரஸா, ஈட்டியா, கடற்காற்றுக்கு என்ன வழி?

ராயபுரம்_ஆறுதந்தி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ராயபுரம், கல்மண்டபம் பக்கம். பதினொரு வருடமாக கிட்டார் வாசிக்கிறேன், கடைசி ஆறு வருடம் ஃபிளமென்கோ என்ற ஸ்பானிய இசை மட்டும்தான். மாதத்துக்கு நான்கைந்து மேடை கிடைக்கிறது. பெரும்பாலும் ஒரு பரதநாட்டியக் கலைஞரோடு சேர்ந்து செய்யும் நிகழ்ச்சி, சில சமயம் ஹோட்டல்களில் தனியாக, எப்போதாவது கானா பாடும் நண்பர்களோடு.

கையில் இருப்பது கடையில் வாங்கிய கிளாசிக்கல் கிட்டார். அதில் இரண்டு தொல்லை. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (விரல்பலகையில் குறுக்கே பதித்த கம்பி) ஆறாவது தந்தி 4 மி.மீ. உயரத்தில் நிற்கிறது, இரண்டு விரலை மாற்றி மாற்றி மீட்டும் வேகமான பிக்காதோ ஓட்டங்களில் இரண்டாவது உருப்படி முடிவதற்குள் இடது கை சோர்ந்துவிடுகிறது. உயரத்தை இறக்கித் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன், அவர்கள் சேடிலை (தந்தி மேலே உட்காரும் சிறு துண்டு) தேய்த்து 3 மி.மீ.க்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அதன்பிறகு தந்தி சேடில் மேல் அழுத்தமாக உட்காரவே இல்லை, சத்தம் அப்படியே செத்துப்போனது. வேறு சேடில் போட்டு பழைய உயரத்துக்கே திரும்பிவிட்டேன். இன்னொரு தொல்லை கோல்பே, அதாவது வாசித்தபடியே பலகையில் விரலால் தட்டுவது. மோதிர விரலால் தட்டித் தட்டி பாலிஷ் போய் பலகையே குழிந்திருக்கிறது, தட்டும்போது வரும் சத்தமும் மந்தமாக, அட்டைப்பெட்டியில் தட்டியது போல இருக்கிறது.

வியாசர்பாடியில் ஒரு அண்ணன் பட்டறை வைத்திருக்கிறார். பரம்பரையாகத் தச்சு வேலை. சொந்த ஆர்வத்தில் ஐந்து கிளாசிக்கல் கிட்டார் செய்திருக்கிறார், அதில் ஒன்றை அரை மணி நேரம் வாசித்துவிட்டு அவரிடமே செய்யக் கொடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஃபிளமென்கோ கிட்டார் அவர் செய்ததில்லை. "உனக்கு என்ன வேணும்னு சொல்லு, செஞ்சுடலாம்" என்கிறார். எனக்கு என்ன வேண்டும் என்று கை சொல்கிறது, அதை மில்லிமீட்டரில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சைப்ரஸ் போட்ட பிளாங்காவா, ஈட்டி மரம் போட்ட நெக்ராவா? அவர் பட்டறை ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மழைக்காலத்தில் சுவரே வேர்க்கும், அங்கே வைத்துச் செய்தால் கிட்டார் நிற்குமா? ஒலிபெருக்கியில் இணைக்கும் பிக்கப் இப்போதே வைத்துவிடலாமா, பிறகு பார்த்துக்கொள்ளலாமா? தந்தி முறுக்கும் சாவியைப் பழைய முறையில் மரத்தில் வைத்தால் எடை குறையும் என்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்லுங்கள். கையில் ஒரு லட்சத்து இருபதாயிரம் இருக்கிறது. இரண்டு வருடம் சேர்த்த பணம், அதனால்தான் இவ்வளவு விரிவாகக் கேட்கிறேன்.

பெரம்பூர்_மரப்பட்டறை

தம்பி, நீங்கள் முதலில் கேட்டிருப்பது மரத்தைப் பற்றி. எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். நான் இருபது வருடமாக பெரம்பூரில் கிட்டார் பழுது பார்க்கிறேன், நடுவில் ஒன்பது கிட்டார் செய்தும் இருக்கிறேன், அதில் மூன்று ஃபிளமென்கோ. என்னிடம் பழுதுக்கு வரும் கைவேலைக் கிட்டார்களில் மரம் மோசமாக இருந்து வருபவை குறைவு, ஈரமான நாளில் ஒட்டியதால் வருபவைதான் அதிகம். அதனால் பட்டறையைப் பற்றிய கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

மரம் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். நம் பக்கத்தில் காற்றின் ஈரப்பதம் 75, 80 சதவீதம் என்பது சாதாரணம், அந்தக் காற்றில் கிடக்கும் பலகைக்குள் ஏறக்குறைய 15 சதவீதம் ஈரம் இருக்கும். 45 சதவீதக் காற்றில் அதே பலகையில் 8, 9 சதவீதம்தான் இருக்கும். இந்த வித்தியாசத்துக்கு ஸ்ப்ரூஸ் பலகை நீளவாக்கில் அசையாது, ஆனால் அகலவாக்கில் முக்கால் சதவீதத்துக்கு மேல் சுருங்கும். கிட்டாரின் அடிவயிறு 36 செ.மீ. அகலம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 3 மி.மீ. வருகிறது. பலகை சுருங்கப் பார்க்கும், அடியில் குறுக்கே ஒட்டிய பிரேஸ் குச்சி விடாது, அப்போது பலகைக்கு வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஈரத்தில் செய்த கிட்டார் ராயபுரத்திலேயே இருக்கும்வரை நன்றாகத்தான் இருக்கும். குளிர்சாதன அரங்கில் மூன்று மணி நேரம், வெளியூரில் இரண்டு நாள் என்று போகும்போதுதான் பிரச்சினை தெரியும், நீங்களோ மேடை மேடையாகப் போகிறவர்.

உலர்ந்த மரத்தில் செய்துவிட்டு ஈரமான ஊரில் வைத்திருந்தால் பலகை கொஞ்சம் உப்பும், தந்தி அரை மில்லிமீட்டர் ஏறும், அவ்வளவுதான். அதற்கு எலும்பில் இரண்டு சேடில் செய்து வாங்கிக்கொள்ளுங்கள், மழைக்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் உலர்ந்த மரத்துக்கு எங்கே போவது என்றால், ஒரு பழைய மர அலமாரி போதும். அடியில் ஒரு குண்டு பல்பு, அதன் மேல் வெயில் மறைப்பது போல ஒரு தகரம், மேலே கம்பித் தட்டில் பலகைகள், மேலும் கீழும் சிறு துளைகள். 30 டிகிரியில் 80 சதவீத ஈரமுள்ள காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 46 பக்கம் இறங்கிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே எடுக்கவில்லை, சூடான காற்றுக்குத் தாங்கும் சக்தி கூடிவிடுகிறது, அதனால் மரத்திலிருந்து அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாப் (மேல்பலகை), பேக் (பின்பலகை), பிரேஸ் குச்சிகள் எல்லாவற்றையும் உள்ளே வைத்து, தினமும் ஒரே நேரத்தில் கிராம் தராசில் டாப் பலகையை நிறுத்து சுவரில் எழுதச் சொல்லுங்கள். 200 கிராம் சொச்சம் எடையுள்ள பலகை பத்துப் பன்னிரண்டு கிராம் வரை இறங்கும். மூன்று நாள் தொடர்ந்து ஒரே எடை காட்டினால் ஒட்டத் தயார். ஒட்டும் வேலையை யார் வீட்டிலாவது ஏசி அறையில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. நான் என் மனைவியிடம் சொல்லிவிட்டு படுக்கையறையில்தான் பிரேஸ் ஒட்டுகிறேன். ஏசி இல்லையென்றால் கத்திரி வெயில் காலத்தில் வெயில் ஏறிக் காற்று காய்ந்தபின், கடற்காற்று உள்ளே வருவதற்கு முன் ஒட்டி முடித்து மறுபடி அலமாரியில் வைத்துவிட வேண்டும்.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்குங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க பெரிய செலவு இல்லை. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வைத்தால் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் மீட்டர் 5 கூட்டிச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி அண்ணனிடம் சொல்ல வேண்டிய அளவுகள். தந்தி நீளம் 650 மி.மீ., நட் (கழுத்தின் மேல்முனையில் தந்தியைத் தாங்கும் துண்டு) அகலம் 52, உடம்பின் ஆழம் அதிகபட்ச இடத்தில் 90 முதல் 95, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது தந்திக்கு 2.7, முதல் தந்திக்கு 2.3. இவற்றைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு, கிளாசிக்கல் செய்து பழகிய கை தவறுவது அங்கேதான்: பிரிட்ஜுக்கு (சேடிலைத் தாங்கி, தந்தியின் அடிமுனையைக் கட்டும் கட்டை) முன்னால் டாப் பலகைக்கும் தந்திக்கும் இடைவெளி. கிளாசிக்கலில் அது 10, 12 மி.மீ. இருக்கும், ஃபிளமென்கோவில் 7, 8 தான். விரல் தந்தியை மீட்டிய கையோடு பலகையைத் தட்ட வேண்டும், தந்தி உயரத்தில் நின்றால் ஒவ்வொரு கோல்பேக்கும் கை இறங்கி ஏற வேண்டும், வேகம் அங்கேயே போய்விடும். உங்கள் பழைய கிட்டாரில் சேடிலைத் தேய்த்தபோது சத்தம் செத்ததற்குக் காரணமும் இதோடு சேர்ந்ததுதான். பிரிட்ஜ் உயரமாகவே இருக்க சேடிலை மட்டும் தாழ்த்தினால் தந்தி பின்னால் மடங்கி இறங்கும் கோணம் போய்விடுகிறது.

இந்த இடைவெளி பிரிட்ஜில் தீர்மானமாவதில்லை, நெக் உடம்போடு சேரும் கோணத்தில் தீர்மானமாகிறது. ஸ்பானிய முறையில் பக்கப்பலகைகள் நெக்கின் அடிக்கட்டையில் வெட்டிய காடிக்குள்ளேயே சொருகி ஒட்டப்படும், பிறகு கழற்றித் திருத்த முடியாது. பன்னிரண்டாவது ஃப்ரெட் தந்தியின் நட்டநடுவில் இருப்பதால், நெக்கை நட் முனையில் ஒரு மில்லிமீட்டர் முன்னால் சாய்த்தால் பிரிட்ஜ் முனையில் தந்தி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இறங்கும். அதனால் மரத்தைத் தொடுவதற்கு முன் பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் தாளில் வரையச் சொல்லுங்கள். டாப் எவ்வளவு குவிந்திருக்கும், விரல்பலகை எவ்வளவு கனம், ஃப்ரெட் எவ்வளவு உயரம், எல்லாவற்றையும் போட்டு, 7.5 என்ற முடிவிலிருந்து பின்னோக்கி வந்து கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஒரு தாளுக்கு அரை நாள் செலவழித்தால் மூன்று மாத வேலை காப்பாற்றப்படும்.

மரத்துக்கு வருகிறேன். நீங்கள் ஆடுபவருக்கு வாசிக்கிறீர்கள், அதனால் பிளாங்கா என்பேன். சைப்ரஸ் ஈட்டியைப் போல மூன்றில் இரண்டு பங்கு எடைதான் இருக்கும், கிட்டார் மொத்தமாக ஒன்றேகால் கிலோ பக்கம் நிற்கும். ஒலி சட்டென்று குதித்து வந்து சட்டென்று அடங்கும். ராஸ்கெயாதோ, அதாவது விரல்களை ஒவ்வொன்றாக விரித்து அடிக்கும்போது ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்க வேண்டுமென்றால் முந்தைய ஒலி வழிவிட வேண்டும், கானாவில் டோலக்கு அடி அடுத்த அடிக்கு இடம் விடுவது போல. அல்மேரியாவில் பிறந்த கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) காலத்தில் ஸ்பெயினில் சைப்ரஸ் என்பது கிட்டத்தில் கிடைத்த மலிவான மரம், ஈட்டி கப்பலில் வர வேண்டியது. காசில்லாதவர்கள் வாங்கிய கிட்டாரின் ஒலிதான் அந்த இசையின் ஒலியாகவே ஆகிவிட்டது. மாட்ரிட்டில் சாந்தோஸ் ஹெர்னாந்தெஸ் போன்ற கைவினைஞர்கள் அதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். நெக்ரா பரவலானது பிறகுதான், கலைஞர்கள் தனிக் கச்சேரிக்குப் பெரிய அரங்குகளுக்குப் போன காலத்தில்.

பிக்கப் பற்றி நாளை எழுதுகிறேன், பட்டறையில் ஆள் காத்திருக்கிறார்.

எண்ணூர்_காம்பாஸ்

பெரம்பூர் அண்ணன் சொன்ன வெடிப்பு எனக்கு நடந்தது, அதை எழுதத்தான் வந்தேன். நான்கு வருடத்துக்கு முன் ஒருவரிடம் பிளாங்கா செய்து வாங்கினேன். செய்தது ஐப்பசி மாதம், அடைமழை. வாங்கிய அன்று அதை மடியில் வைத்துக்கொண்டு எண்ணூர் ரயிலில் வீடு வந்து சேரும்வரை உறையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன், அவ்வளவு அழகு. மார்ச் மாதம் பெங்களூரில் ஒரு நிகழ்ச்சி. நம் ஊர்க்காரர்கள் பெங்களூர் என்றால் குளிர் என்று மட்டும்தான் நினைப்போம், மார்ச்சில் அங்கே மதியக் காற்று எவ்வளவு வறண்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் நாள் மாலை ஒலிச் சரிபார்ப்பின்போது ஒரு சின்னச் சத்தம், சுள்ளி முறிந்தது போல. பிரிட்ஜுக்குக் கீழே நடு இணைப்பை ஒட்டி 11 செ.மீ. நீளத்துக்குப் பிளந்துவிட்டது. அதோடே வாசித்தேன். அன்றைக்கு என்ன வாசித்தேன் என்று இப்போதும் நினைவில்லை.

பிளவில் ஸ்ப்ரூஸ் சிலும்பை இறக்கி, உள்ளே குறுக்காகச் சின்ன மரத்துண்டுகள் ஒட்டிச் சரிசெய்தார்கள். கிட்டார் இப்போதும் ஒலிக்கிறது, ஆனால் பழைய துள்ளல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது, என் மனம்தான் காரணமோ என்னவோ. அதனால் தம்பி, எடை எழுதும் சுவரை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், உங்கள் இரண்டு வருடப் பணம்.

மரத்தில் மட்டும் அண்ணனோடு ஒத்துப்போக முடியவில்லை. ஹோட்டலில் தனியாக வாசிக்கிறேன் என்கிறீர்கள். அங்கே ஈட்டியின் கீழ்ச்சுருதி தரும் கனம் பெரிய துணை, ஒரு குறிப்பை நிறுத்திவிட்டு மூச்சு விடலாம். ஃபிளமென்கோ மேதை பாகோ தெ லூசியா கையில் நெக்ராவும் எவ்வளவு கூர்மையாகப் பேசியது என்று கேட்டவர்களுக்குத் தெரியும். ஆழத்தைக் குறைத்து, பலகையைச் சன்னமாக இழைத்தால் ஈட்டியிலும் துள்ளல் வரும். இருக்கும் ஒரே கிட்டார் இதுதான் என்றால் நான் நெக்ராவைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கொருக்குப்பேட்டை_பிடில்

நான் கிட்டார் வாசிப்பதில்லை, வயலின். சாவி பற்றிக் கேட்டிருந்ததால் எழுதுகிறேன் தம்பி. மரச் சாவியோடு பத்தொன்பது வருடமாக வாழ்கிறேன். ஐப்பசி கார்த்திகையில் உப்பிக்கொண்டு திரும்பவே திரும்பாது, பங்குனியில் தானாகக் கழன்று தந்தி தொங்கும். சுண்ணக்கட்டியும் சோப்பும் தடவித் தடவித்தான் சமாளிக்கிறோம். எனக்கு நான்கு தந்தி, உங்களுக்கு ஆறு, அதுவும் நைலான், இழுபட்டுக்கொண்டே இருக்கும். உருப்படிக்கு உருப்படி ஆறாவது தந்தியை இறக்கி ஏற்றுபவர் என்றால் மேடையில் மரச் சாவி வேண்டவே வேண்டாம். எடை குறைந்த மெஷின் ஹெட் (பல்சக்கரச் சாவி) நல்லதாகப் பார்த்துப் போடுங்கள். உப்புக்காற்றுக்குப் பல்சக்கரம் துருப்பிடிக்கும், மாதம் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

இன்னொரு விஷயம். என் அப்பா காசிமேட்டில் படகு கட்டும் ஆசாரியாக இருந்தவர். பலகையை வளைப்பதைப் பற்றி அவர் சொல்வது: அவசரப்பட்டுக் கையால் அழுத்தினால் மரம் ஒடியும், சூடு உள்ளே இறங்கியதும் அதுவே இளகிக் கொடுக்கும், அந்த நேரத்துக்குக் காத்திரு என்பார். கிட்டார் பக்கப்பலகை 2 மி.மீ. கனம்தான் என்று நான் சொன்னதும், அப்படியென்றால் இழை நேராக ஓடும் பலகையாகத் தேடச் சொல், கண் இருக்கும் இடத்தில் கட்டாயம் ஒடியும் என்றார். உங்கள் அண்ணனுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

ஈட்டி வாங்கினால் ரசீதோடு வாங்குங்கள். அந்த மரத்தைக் காக்க 1994-ல் தனிச் சட்டமே போட்ட மாநிலம் இது. பழைய வீடு இடித்த மரம் என்று சொல்லிக் கொடுப்பதை எல்லாம் நம்பி வாங்கி நாளை சிக்கலில் மாட்ட வேண்டாம்.

ராயபுரம்_ஆறுதந்தி

நன்றி அண்ணா, நன்றி அக்கா. எண்ணூர் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் கிட்டாரை எடுத்து நடு இணைப்பைத் தடவிப் பார்த்துவிட்டேன்.

நேற்று இதையெல்லாம் வியாசர்பாடி அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். பல்பு அலமாரி என்றதும் உடனே எழுந்து போய் மூலையில் கிடந்த ஒரு பழைய பாத்திர அலமாரியைக் காட்டினார். நெக் கோணம் என்ற இடத்தில் மட்டும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவர் செய்த ஒரு கிட்டாரை எடுத்து பிரிட்ஜுக்கு முன்னால் அளந்தார், 11.5 மி.மீ. வந்தது. அதில் கோல்பே அடித்துக் காட்டச் சொன்னார். என் விரல் எவ்வளவு தூரம் இறங்கி ஏறுகிறது என்று குனிந்து பக்கத்திலிருந்து பார்த்தார். "இதைத்தான் நீ முதல் நாளே காட்டியிருக்கணும்" என்றார். மில்லிமீட்டரில் சொல்லத் தெரியவில்லை என்று இங்கே வந்து கேட்டேன், விரலைக் காட்டியிருந்தால் அவருக்கே பாதி புரிந்திருக்கும்.

பிளாங்காவா நெக்ராவா என்பதற்கு ஒரு வழி செய்தேன். கடைசி மூன்று மாத நிகழ்ச்சிகளை எழுதிப் பார்த்தேன். பதின்மூன்றில் ஒன்பது நடனத்தோடு. அவர்கள் ஆடுவது அதிகமும் புலேரியா, சொலேயா என்ற ஃபிளமென்கோ தாள அமைப்பில்தான், பன்னிரண்டு எண்ணிக்கையை நம் ஊர்க் கணக்கில் சதுஸ்ர ஜாதி அடதாளத்தோடு பொருத்தி வைத்திருக்கிறோம். அதுவும் 4, 4, 2, 2 என்று பன்னிரண்டுதான், அழுத்தம் விழும் இடம் மட்டும் வேறு. அந்த வேறுபாடு ரசிகருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் ஒலி உடனே அடங்க வேண்டும். அதனால் பிளாங்கா.

சைப்ரஸ் எங்கே வாங்குவது என்பதுதான் இப்போது கேள்வி. சூளை மரக்கடைகளில் அண்ணன் விசாரித்தார், இல்லை என்கிறார்கள். ஸ்பெயினிலிருந்து வரவழைத்தால் பணத்தில் பெரிய பகுதி அதற்கே போய்விடும். ஊட்டிப் பக்கம் சைப்ரஸ் கிடைக்கும் என்று அண்ணன் சொல்கிறாரே, அதைப் போடலாமா? பிக்கப் பற்றியும் சொல்லுங்கள்.

பெரம்பூர்_மரப்பட்டறை

போடலாம். நீலகிரியில் நட்டு வளர்ந்திருப்பது பெரும்பாலும் மாக்ரோகார்ப்பா என்ற வகை, ஸ்பெயினின் சைப்ரஸுக்கு உறவுதான், வெளிநாடுகளில் இந்த வகையிலும் பிளாங்கா செய்கிறார்கள். என் மூன்று ஃபிளமென்கோவில் ஒன்று இந்த மரத்தில் செய்ததுதான், அதை இன்றைக்கும் ஒருவர் மேடையில் வாசிக்கிறார். ஆனால் மேசை செய்ய அறுத்த பலகையை வாங்காதீர்கள். நடுவயிரத்திலிருந்து ஆரக்கால் போல அறுத்ததாக, ஆண்டு வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்கு நேர்க்குத்தாக நிற்பதாக இருக்க வேண்டும். கண் நிறைய இருக்கும் மரம், பத்துப் பலகை புரட்டினால் ஒன்று தேறும். அறுத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கேளுங்கள். இழைக்கும்போது பட்டறை முழுக்க வாசனை அடிக்கும், அதற்காகவே எனக்கு இந்த மரம் பிடிக்கும்.

நெக்குக்கு ஸ்பெயினில் போடுவது செட்ரேலா என்ற மரம், சுருட்டுப்பெட்டி செய்வார்களே அது. நம் சந்தன வேம்பு அதன் நெருங்கிய சொந்தம், முன்பு தாவரவியலில் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். இலேசானது, முறுக்காது. விரல்பலகைக்குக் கருங்காலி. டாப் மட்டும் ஐரோப்பிய ஸ்ப்ரூஸ் வரவழைத்துக்கொள்ளுங்கள், மிச்சப்படும் பணத்தை அதில் போடுங்கள்.

பசை: தச்சு வேலைக்குப் போடும் சாதாரண வெள்ளைப் பசையை பிரிட்ஜுக்குப் போட வேண்டாம் என்று அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆறு நைலான் தந்தியும் சேர்ந்து 40 கிலோ பக்கம் இழுக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டார் இருந்தால் அந்தப் பசை இளகி பிரிட்ஜ் மெல்ல நகரும். அவர் தாத்தா காலத்து வச்சிரம் காய்ச்சத் தெரிந்திருந்தால் அதுவே சிறந்தது, காய்ந்தபின் கண்ணாடி போல இறுகும், நாளை பழுது பார்க்க வேண்டுமென்றால் சூடும் ஈரமும் காட்டிப் பிரிக்கவும் முடியும். பாலிஷ், அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்க்கும் பிரெஞ்ச் பாலிஷ் போதும், கனமான வார்னிஷ் அடித்தால் சன்னமாக இழைத்ததற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். அரக்கு நகத்தைத் தாங்காது, அதனால் கோல்பே விழும் இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒட்ட வேண்டும். நீங்கள் கட்டைவிரலாலும் மேல்பக்கம் தட்டுவீர்களா என்று யோசித்துச் சொல்லுங்கள், அப்படியென்றால் இரண்டு பக்கமும் வேண்டும்.

பிக்கப்: பக்கப்பலகையை வெட்டி ப்ரீஆம்ப் (ஒலியைக் கூட்டும்) பெட்டி பொருத்தும் வகை வேண்டாம். 2 மி.மீ. சைப்ரஸில் சதுரமாக ஓட்டை போடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சேடிலுக்கு அடியில் வைக்கும் வகையும் ஃபிளமென்கோவுக்கு அரைகுறைதான், ராஸ்கெயாதோ பிளாஸ்டிக் போலக் கேட்கும். பலகையின் அடியில் ஒட்டும் வகை கோல்பேயை வெடிகுண்டு மாதிரி ஆக்கிவிடும். நடன மேடைக்கு நல்ல மைக் ஒன்று ஸ்டாண்டில் வைப்பதுதான் அழகு. ஹோட்டல் இரைச்சலுக்கு வேறு வழியில்லை என்றால் சேடில் அடி வகையையும் சின்ன மைக்கையும் கலந்து கொடுக்கலாம். அதற்கு இப்போது ஒன்றே ஒன்று செய்யுங்கள்: உடம்பின் கீழ்முனையில் உள்ளே இருக்கும் கட்டையை ஜாக் (வயர் சொருகும்) துளை தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் அகலமாக வைக்கச் சொல்லுங்கள், துளை போட வேண்டாம். கிட்டாரை ஆறு மாதம் வாசித்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம்.

அப்புறம், தாளில் வரைந்து முடித்ததும் அண்ணனை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பூருக்கு வாருங்கள். என்னிடம் ஒரு பிளாங்கா இருக்கிறது, அவர் உள்ளே கண்ணாடி விட்டுப் பார்க்கட்டும், அளந்துகொள்ளட்டும். பழைய கிட்டாரையும் கொண்டு வாருங்கள்.

எண்ணூர்_காம்பாஸ்

பதின்மூன்றில் ஒன்பது நடனம் என்றால் பிளாங்காதான் சரி. நான் ஹோட்டலை மட்டும் மனதில் வைத்து எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானும் வரலாமா அண்ணா? என் கிட்டாரையும் ஒருமுறை நீங்கள் தட்டிப் பார்க்க வேண்டும்.

பெரம்பூர்_மரப்பட்டறை

வாருங்கள். பத்து மணிக்கு மேல், டீ சாப்பிடாமல் வாருங்கள்.

ராயபுரம்_ஆறுதந்தி

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பெரம்பூர் போய் வந்தோம். அண்ணன் அங்கே இரண்டு மணி நேரம் கண்ணாடியும் டார்ச்சுமாக உட்கார்ந்திருந்தார், திரும்பி வரும் வழியில் வரைபடத்தை முழுவதும் மாற்றப் போகிறேன் என்றார். மாற்றியும் விட்டார், இப்போது தாளில் 7.5 வருகிறது. சைப்ரஸ் கோத்தகிரியிலிருந்து வந்துவிட்டது, பதினான்கு பலகையில் மூன்று தேறின. நெக் இழைத்தாயிற்று. மேல்பக்கம் கட்டைவிரலால் நான் தட்டுவதில்லை என்று நினைத்திருந்தேன், வீடியோ எடுத்துப் பார்த்தால் தட்டுகிறேன், அதனால் தகடு இரண்டு பக்கமும்.

ஸ்ப்ரூஸ் பலகை போன வியாழக்கிழமை பாத்திர அலமாரிக்குள் போனது. மீட்டரை உப்பு வைத்துச் சோதித்தோம், 78 காட்டியது, மூன்றைக் கழித்துக்கொள்கிறோம். தினமும் காலை ஏழு மணிக்கு அண்ணன் நிறுத்து சுவரில் கரியால் எழுதி எனக்குப் படம் அனுப்புகிறார். இதுவரை: 231, 226, 223, 221, 220, 220. நாளையும் 220 என்றால் மாலை என் வீட்டு ஏசி அறையில் பிரேஸ் ஒட்டுகிறோம், அம்மா ஏற்கெனவே கட்டிலை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டார்.